சூழ்ச்சி குறித்த ஆங்கில வினைச்சொற்கள்

செகப்பிரியரின் நாடகங்களைப் பற்றி மாணாக்கர் எழுதும் விடைகளில், தீவினை செய்தவன் எவனாயினும் அவன் ‘கொன்ஸ்பயர்’ செய்தான் என்றே பெரிதும் காணப்படும். மூன்றாம் றிச்சாட்டும் அதனையே செய்கின்றான். இயாகோவும் அதனையே செய்கின்றான். புரூட்டசுக்கும் அதே வினை. ‘சதி செய்தல்’, ‘சூழ்ச்சி செய்தல்’ என்னும் இரு தொடர்களுள் ஆங்கில வினைகள் பலவற்றையும் அடக்கிவிடும் அகராதிகளே இதற்குப் பெருங்காரணம் எனலாம். சொல் பிழைத்தால் நடையொன்றே கெடும் என எண்ணுதல் தவறு. பாத்திரத்தின் குற்றத்தை அளக்கும் கோலும் அதனோடு கெடுகின்றது.

‘கொன்ஸ்பயர்’ என்பது இலத்தீன் மூலத்தில் ‘உடன் மூச்சு விடுதல்’ எனப் பொருள்படும். தனியொருவன் தன்னோடு தானே உடன் மூச்சு விடுதல் இயலாது. ஆகவே இவ்வினைக்கு இருவரேனும் வேண்டும். கி.மு. 44இல் சீசருக்கு எதிராக ஒன்றுகூடியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் எனச் சுவெற்றோனியசு குறிப்பர். 1599இல் மேடையேறிய ‘யூலியசு சீசர்’ நாடகத்தில், முகத்தை மறைத்துக்கொண்டு நள்ளிரவில் புரூட்டசின் தோட்டத்துக்குள் வருவோரே இச்சொல்லுக்கு நேரான இலக்கியம். இறுதியில் அந்தோனி அக்கூட்டத்தார் அனைவரையும் அப்பெயராலேயே சுட்டி, புரூட்டசின் நோக்கத்தை மட்டும் பிரித்துக் காட்டுகின்றான். செயல் ஒன்று, உள்ளம் வேறு என்பதை அச்சொல்லை நீக்காமலே அவன் உணர்த்துவது நோக்கற்பாலது.

ஆங்கிலப் பொதுச்சட்டமும் இருவர் வேண்டும் என்றே கொண்டது. அன்றியும், கணவனும் மனைவியும் ஓருயிர் எனக் கருதியமையால், அவ்விருவர் மட்டும் கூடிச் செய்த உடன்பாட்டை அது இக்குற்றமாகக் கொள்ளவில்லை. 1977ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டமும் அவ்விதியைப் பேணிற்று. மக்பெத்தும் அவன் மனைவியும் ஸ்கொத்லாந்தர் ஆதலின் அவர்களுக்கு இது பொருந்தாது. பொருந்தினும் கொலைக் குற்றத்திலிருந்து அவர்களைக் காத்திராது.

‘பிளொட்’ என்பதோ தனியொருவனுக்கும் அமையும். முதலிற் சிறு நிலத்துண்டைக் குறித்த இச்சொல் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைவான திட்டத்தையும் குறிக்கலாயிற்று. 1605இல் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க முயன்ற கூட்டத்தாரின் செயலுக்கு வழங்கும் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. ஆயினும், தனியே நின்று தன் வஞ்சகத்தைத் தானே எடுத்துரைக்கும் மூன்றாம் றிச்சாட்டுக்கு அது முற்றும் பொருந்துகின்றது. ஒருவன் ஒரு கொலையையே செயப்படுபொருளாக்கி ‘பிளொட்’ செய்யலாம். இக்கால வழக்கில் ‘கொன்ஸ்பயர்’ அவ்வாறு செயப்படுபொருளை ஏற்பதில்லை. மறுதலையாக, காற்றும் மழையும் ஒருவனது பயணத்தைக் கெடுக்கக் ‘கொன்ஸ்பயர்’ செய்தன என்பது வழக்கு; அவை ‘பிளொட்’ செய்தன என எவரும் கூறார். உயிரில்லாப் பொருள்கள் ஒருங்கு கூடலாம். அவற்றுக்குத் திட்டமிடும் உள்ளம் இல்லை.

‘ஸ்கீம்’ பெயராக நிற்கும்போது பிரித்தானிய வழக்கில் மாசற்றது. ஓய்வூதியத் திட்டத்துக்கும் அதுவே பெயர். வினையாகிய உடனே அதன்மேல் ஐயம் படிகின்றது. திருக்குறளில் ஆராய்தலைக் குறித்து நின்ற ‘சூழ்ச்சி’ இக்காலத்தில் வஞ்சனையைக் குறிக்க வந்தமையும் இத்தகைய வீழ்ச்சியே. ‘இன்ரீக்’ எதிர்த்திசையிற் சென்றது. சிக்கவைத்தல் எனும் பொருளினின்று ஆவலைத் தூண்டுதல் எனும் பொருளுக்கு அது நழுவியதை ஃபவுலர் தமது 1926ஆம் ஆண்டு நூலிற் கடிந்தார். அவர் கடிந்தும் வழக்கு அடங்கவில்லை.

மாணாக்கர் மிகவும் இடறுவது ‘கொனைவ்’ என்னும் வினையிலேயே. கண்ணை மூடுதல் என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். தமிழிற் ‘கண்டும் காணாதிருத்தல்’ என வழங்கும் தொடர் அதற்கு எவ்வளவு அணித்தானது! அவ்வாறிருக்கவும் அகராதி அதற்குச் ‘சதி செய்’ என உரை கூறுவது வியப்பே. செகப்பிரியர் ‘மாரிக்காலக் கதை’யில் இச்சொல்லைக் கள்வனாகிய ஓட்டோலிக்கசின் வாயில் வைத்து, தேவர்கள் கள்வர்பாற் காட்டும் பாராமுகத்தைக் குறிக்கின்றார். அதன்பின் ‘அட்’ எனும் முன்னிடைச்சொல் வருமாயின் பிறர் குற்றத்தைப் பாராதிருத்தல். ‘வித்’ வருமாயின் அவரோடு கூடுதல். பின்னைய வழக்கு இக்காலத்திற் பெருகி முன்னையதை விழுங்கி வருகின்றது. இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், துணையின் பிழைக்கு இடங்கொடுத்துக் கண்மூடியிருத்தலையும், ‘கொலூட்’ எனப்படும் ஒத்து நடித்தலையும் இருவேறு தடைகளாகவே வைத்தது. அத்தடைகள் பின்னர் நீங்கினும் வேறுபாடு நீங்கவில்லை.

1604இல் அரசவையில் நடிக்கப்பெற்ற ‘ஒதெல்லோ’வில் இவ்வேறுபாட்டின் பயன் புலனாகும். இயாகோ ரொடெரிகோவோடு ஓயாது கூடிப் பேசினும், இருவருக்கும் மூச்சு ஒன்றன்று. ரொடெரிகோ எதற்குத் தான் கருவியாகின்றான் என அறியான். அங்கே ‘பிளொட்’ செய்பவன் ஒருவனே. எமீலியாவின் நிலை வேறு. கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துக் கணவனிடம் கொடுக்கின்றாள்; எதற்கென வினவியும் விடை பெறவில்லை. அதன்பின் தலைவி அதனைத் தேடி வருந்துகையிலும், ஒதெல்லோ அதனைக் கேட்டுச் சினக்கையிலும் அவள் உடனிருக்கின்றாள், உண்மையைக் கூறவில்லை. அறிந்தது சிறிது; அச்சிறிதையும் அவள் காணாதிருந்தாள். அவளுக்குரிய வினை ‘கொனைவ்’. அதுவும் ‘அட்’ எனும் இடைச்சொல்லோடு மட்டுமே.

அவள் இயாகோவுடன் ‘கொன்ஸ்பயர்’ செய்தாள் என எழுதிவிட்டால், ஐந்தாம் அங்கத்தில், சொன்னவன் தன் கணவனா எனத் திரும்பத் திரும்ப அவள் வினவுவது வெறும் நடிப்பாகிவிடும். இயாகோ அடக்கியும் அடங்காது கைக்குட்டையின் செய்தியை வெளியிட்டு, அவன் கையாலேயே குத்துண்டு, தலைவியின் பக்கத்தில் தன்னைக் கிடத்துமாறு வேண்டி அவள் இறப்பதற்கும் காரணம் இராது.