சிறைக்குள் எழுதிய வரிகளை எப்படி வாசிப்பது?

எங்கள் சங்கத்தின் இலக்கியக் கூட்டமொன்றில் ‘தின்கா தின்கா திகார்’ என்ற இந்திக் கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேசும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ‘தின்கா’ என்றால் துரும்பு. திகார் சிறையில் இருந்த பெண் கைதிகள் நால்வரின் கவிதைகள் அதில் உள்ளன. நூல் 2013-ல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் இருவர்: ஒருவர் வர்த்திகா நந்தா, மற்றவர் அப்போது சிறைத்துறைத் தலைமை இயக்குநராக இருந்த விமலா மெஹ்ரா. நான் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “பாவமாத்தான் இருக்கு சார், ஒத்துக்கறேன். ஆனா இதெல்லாம் கவிதையா?” என்றார். அன்று ஏதோ மழுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மனப்புண்ணை எழுதி ஆற்றலாம் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாள் தங்கள் வாழ்வின் ஆறாத துயரத்தை எழுத வைத்தார். அப்படி எழுதியவர்கள் பின்னர் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது என்று கண்டார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த எழுத்து அச்சுக்காக எழுதப்பட்டதல்ல. அதற்கு இலக்கணமும் வேண்டாம், அழகும் வேண்டாம், கிழித்துப் போட்டாலும் பலன் பலன்தான். அதே தாளுக்கு அட்டை போட்டு, முன்னுரை வைத்து, மேடையில் வெளியிட்டால் அது வேறு பொருளாகிவிடுகிறது. மருந்தாக இருந்தது நூலாகிறது. நூல் என்றால் நானும் வாசகனாக நின்று கேள்வி கேட்கலாம். நாம் என்னவோ நூலைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்துக்குக் காட்டும் சலுகையை அதற்குக் காட்டுகிறோம். அது மரியாதை ஆகாது என்றே எண்ணுகிறேன்.

இன்னொரு சிக்கல் உண்டு. இத்தகைய தொகுப்புகளை எடுத்ததும் நாம் தேடுவது மனம் திருந்திய குரலை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா என்றே இன்னும் தீர்ப்பாகவில்லை, எதற்காகத் திருந்துவது? தன் வழக்கைப் பற்றி ஒரு வரி எழுதினால் நாளைக்கு அதுவே தனக்கு எதிராகத் திரும்பலாம் என்ற பயமும் இருக்கும். நடந்த சம்பவத்தை விட்டு வானம், ஜன்னல், பிள்ளை என்று சுற்றி வரும் கவிதையைப் பார்த்து “ஆழமே இல்லையே” என்று உதட்டைப் பிதுக்குகிறோம். அந்த மௌனத்தில் பாதி வக்கீல் சொல்லிக் கொடுத்ததாகவும் இருக்கலாம் அல்லவா?

சிறைத்துறைத் தலைவரே தொகுப்பாசிரியராக இருக்கும் நூலில் சிறையைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும்? அவர் அனுமதி இல்லாவிட்டால் ஒரு தாளும் மதில் தாண்டாது என்பதும் உண்மை. ஆக, நல்ல மனசும் தணிக்கையும் ஒரே பேனாவில்தான். திகாரிலிருந்து வந்த எழுத்துகளில் மிகுந்த பலன் தந்தது எது என்று கேட்டால், ஒரு கடிதத்தைத்தான் சொல்வேன். மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் முதலானோர் அதையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று, 1979-ல் தீர்ப்பளித்தார்கள். அதற்கு முன்பே, 1965-ல், பம்பாய்ச் சிறையில் காவலில் இருந்த ஒருவர் அணுவைப் பற்றி மராத்தியில் எழுதிய அறிவியல் நூலை வெளியே அனுப்பும் உரிமையை அதே நீதிமன்றம் நிலைநாட்டியது. நம்மவருக்கு நினைவிருப்பது ஆட்டோ சங்கரின் சுயசரிதை வழக்கு. நக்கீரன் அதை வெளியிடுவதை அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்க முடியாது என்று 1994-ல் தீர்ப்பு வந்தது.

வ.உ.சி. சிறைப்பட்டதையும் செக்கிழுத்ததையும் செய்யுளில் தன் வரலாறாக எழுதினார். அது நூலானது அவர் மறைந்த பிறகுதான். தியாகு சிறையிலேயே மார்க்ஸின் ‘மூலதன’த்தைத் தமிழாக்கினார். ஆனால் இவர்கள் எழுதுகோலோடு உள்ளே போனவர்கள். இவர்களை அளவுகோலாக நீட்டி அந்த நான்கு பெண்களை அளப்பது அநியாயம்.

கல்கத்தா அன்பர்கள் அறிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நடனக் கலைஞர் அலகானந்தா ராய் 2007-ல் பிரசிடென்சி சிறைக்குள் நுழைந்து, கைதிகளைக் கொண்டு தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வை மேடையேற்றினார். வால்மீகியாக ஆடிய நைஜல் அக்காரா பிறகு 2012-ல் ‘முக்தொதாரா’ படத்தில் நடித்தார். எழுத்துப் பட்டறைக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாகப் படுகிறது. “உன் வலியை எழுது” என்றால் ‘நான்’ என்று தொடங்கியாக வேண்டும், அங்கேதான் கை நடுங்கும். கொள்ளைக்காரன் வேடம் கட்டினால் எதையும் சொல்லலாம், யாரும் குறுக்கு விசாரணை செய்யப் போவதில்லை. கவிதையைவிடக் கதையும் நாடகமும் கைதிக்குக் கூடுதல் சுதந்திரம் தரும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சண்டைக்கு வரலாம்.

இப்போது வடநாட்டுச் சிறைகளில் இருக்கும் தமிழருக்குப் புத்தகம் அனுப்பலாமா என்று நம் செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. பழைய தீபாவளி மலர்களைத் தள்ளிவிட வழி கிடைத்தது என்று சிலருக்கு மகிழ்ச்சி! நான் கேட்டது கோடு போட்ட நோட்டுகளும் நல்ல சிறுகதைத் தொகுதிகளும். அங்கிருந்து ஏதாவது எழுதி வந்தால் முன்னுரை எழுதும் ஆசையை நாம் கொஞ்சம் அடக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அந்தப் பெரியவரை அடுத்த மாதம் பார்த்தேன். “சில இடம் கவிதை, சில இடம் இல்லை, அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்றேன். “எந்த இடம், காட்டுங்கோ” என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.