முல்லைப்பாட்டில் விரிச்சியும் கண்ணீரும்

பத்துப்பாட்டுள் அடியளவால் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய இப்பாட்டு 103 அடிகளே உடையது. போர்மேற் சென்ற தலைவன் பாசறையில் இருக்கிறான். தலைவி இல்லில் இருக்கிறாள். கார்காலத்து மாலை வந்துவிட்டது. பாட்டின் பொருள் இவ்வளவே. அரசன் பெயரும் இல்லை, அவன் பகைவன் பெயரும் இல்லை. போர் எதன்பொருட்டு மூண்டது என்பதும் கூறப்படவில்லை. வீட்டில் இருப்போர்க்கு அவையெல்லாம் பெரிதல்ல என்று புலவர் எண்ணினார் போலும்.

வகுப்பறைகளில் இப்பாட்டு பெரும்பாலும் முதல், கரு, உரி என்று பகுத்துக் காட்டப்படுவதோடு நின்றுவிடுகிறது. முல்லைக்கு உரிய ஒழுக்கம் ‘இருத்தல்’, தலைவி ஆற்றியிருந்தாள், ஆகவே அவள் கற்பிற் சிறந்தவள். இம்மூன்று தொடர்களை எழுதிய மாணவர்க்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், பாட்டைத் திறந்து படிப்பவர் முதலில் காண்பது ஆற்றியிருக்கும் பெண்ணை அன்று. எவ்வளவு தேற்றியும் தேறாது முத்து முத்தாகக் கண்ணீர் உகுக்கும் பெண்ணையே காண்கிறார். இலக்கணம் சொல்லும் பெண்ணும் பாட்டில் உள்ள பெண்ணும் ஒருத்திதானா என்னும் ஐயம் அங்கே பிறக்கிறது.

இவ்வையம் புதியதன்று. உரையாசிரியர் நச்சினார்க்கினியரே இதனை எதிர்கொண்டார். இரங்கல் நெய்தலுக்கு உரியது; முல்லைப் பாட்டில் தலைவி இரங்கி அழுதாள் என்று முடிப்பது திணைக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து. எனவே, அடிகளை அவை நின்ற இடத்தினின்று பெயர்த்து, ‘மாட்டு’ என்னும் முறையால் வேறிடத்துக் கூட்டிப் பொருள் உரைத்தார். 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியை வெளியிட்ட மறைமலையடிகள் இதற்கு உடன்படவில்லை. செய்யுள் கிடந்தவாறே பொருள் காண்பதுதான் புலவர்க்குச் செய்யும் நீதி என்னும் நிலையில் நின்றார். அடிகளார் பக்கமே நியாயம் இருக்கிறது. ஒரு பெண்ணின் கண்ணீரைத் துடைப்பதற்காகப் பாட்டின் அடிகளை இடம் மாற்றுவது உரையாசிரியரின் புலமையைக் காட்டலாம். கண்ணீர் என்னவோ பாட்டில் அப்படியே இருக்கிறது.

அக்கண்ணீருக்கு முன்னே நிகழ்வதுதான் இப்பாட்டின் உயிரான பகுதி. வீட்டின் முதுபெண்டிர், காவல் மிக்க பழைய ஊரின் பக்கத்தே செல்கின்றனர். நாழியில் கொண்டுவந்த நெல்லோடு அப்போது அலர்ந்த முல்லைப் பூவையும் தூவிக் கைதொழுது நிற்கின்றனர். எந்தத் தெய்வத்தைத் தொழுதார்கள் என்று நப்பூதனார் கூறவில்லை. தொடக்கத்தில் கடல்நீரைப் பருகி எழும் மேகத்துக்கு, மாவலி வார்த்த நீர் கையில் விழ ஓங்கி நிமிர்ந்த திருமாலை உவமையாக்கியவர், வழிபாட்டில் கடவுள் பெயரை விட்டுவிடுகிறார். அவர் காட்ட விரும்பியது தெய்வத்தை அன்று, தொழுது நிற்கும் கைகளை.

அவர்கள் காத்து நிற்பது விரிச்சிக்காக. தம்மை அறியாத ஒருவர் வேறெதற்கோ சொல்லும் சொல் தம் வினாவுக்கு விடையாக வந்து விழும் என்பதே விரிச்சி. தொல்காப்பியம் இதனை வெட்சித் திணையில் வைக்கிறது. ஆநிரை கவரச் செல்லும் மறவர் பார்க்கும் நிமித்தம் அது. நப்பூதனாரோ அதனை மறவர் கையிலிருந்து வாங்கி வீட்டுப் பெண்டிர் கையில் கொடுக்கிறார். புறப்படுவோர்க்கு உரிய நிமித்தம், பின்தங்கியோர்க்கு உரியதாகிறது.

கிடைக்கும் சொல்லும் எளியதே. குறுங்கயிற்றில் கட்டுண்டு சுழலும் பசலைக் கன்றைப் பார்த்து ஓர் ஆய்மகள் பேசுகிறாள். மாலைக் குளிர் தாங்காமல் கைகளால் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவள், உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவர், கோவலர் ஓட்டி வருகின்றனர் என்று கன்றுக்குச் சொல்கிறாள். முதுபெண்டிர் இதனை நற்சொல்லாகக் கொண்டு விரைந்து வந்து, நின் தலைவன் வினைமுடித்து வருவது மெய், வருத்தத்தை விடு என்கின்றனர். ஒருமுறை அன்று, பலமுறை சொல்கின்றனர். அவள் தேறவில்லை.

ஏன் தேறவில்லை என்று புலவர் விளக்கவில்லை. ஆயினும் கன்றின் நிலையையும் தலைவியின் நிலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பசுக்கள் மாலைதோறும் மீள்பவை. ஆய்மகளின் வாக்கு நாள்தோறும் பலிக்கும் வாக்கு. போர்க்களம் சென்றவனுக்கு அத்தகைய மாலை குறிக்கப்படவில்லை. கார் வந்ததும் மீள்வான் என்பது மரபு. கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை. முதுபெண்டிர் கொண்டுவந்தது அன்பு; அதில் ஐயமில்லை. ஆனால், கன்றுக்குப் போதுமான ஆறுதல் தலைவிக்குப் போதவில்லை. இதனை நம்பிக்கைக் குறைவு என்று புலவர் பழிக்கவில்லை. மூத்தோரின் நம்பிக்கையை எள்ளவுமில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் இருக்கவிடுகிறார்.

வீட்டை இங்ஙனம் காட்டிய புலவர், பாசறைக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். காட்டாற்றின் அருகே காடழித்து, முள்வேலி வளைத்துக் கடல்போலப் பரந்த பாடி. அங்கே நாற்சந்தியில் காவல் நிற்கும் யானை கரும்பையும் கதிரையும் உண்ணாமல் அவற்றால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. கச்சில் வாள் கட்டிய மங்கையர், விளக்கு அவியுந்தோறும் நெய்யூற்றித் திரி கொளுத்துகின்றனர். நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகை பார்த்து நேரம் சொல்கின்றனர். யவனர் அமைத்த கூடாரத்துள் மன்னன் உறங்கவில்லை. வாள்பட்டுப் பிடியை மறந்த களிறுகளையும், செஞ்சோற்றுக் கடன் கழித்து மாண்ட வீரர்களையும், அம்பு தைத்ததால் செவி சாய்த்துத் தீனி கொள்ளாது வருந்தும் குதிரைகளையும் எண்ணி, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையால் தலையைத் தாங்கிக் கிடக்கிறான்.

நக்கீரரின் நெடுநல்வாடை இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. 188 அடிகள் கொண்ட அப்பாட்டிலும் அரசி வருந்துகிறாள். மேற்கட்டியில் எழுதிய திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அரசன் வாடைக் காற்றில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். அங்கே அரசன் தன் வீரரோடு நிற்பதுடன் பாட்டு நின்றுவிடுகிறது. நப்பூதனாரின் மன்னனோ தன் இரக்கத்தோடு தனித்திருக்கிறான். அங்ஙனமே அவன் மனைவியும்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மன்னன் எண்ணி வருந்திய மாண்ட வீரர்க்கும் இல்லம் இருந்திருக்கும். அவர்தம் மனைவியர்க்காக நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டவர் யார்? அவர்கள் கேட்ட நற்சொல் என்ன ஆயிற்று? எழுநிலை மாடத்துக்கு அப்பால் பாட்டின் ஒளி செல்லவில்லை. புறநானூற்றில் காவற்பெண்டும் ஒக்கூர் மாசாத்தியாரும் எளிய இல்லத்துத் தாயரைக் காட்டினர் என்பது உண்மை. மேடைகளில் அவர்களே மிகுதியும் போற்றப்படுகின்றனர். ஆயினும், தாயின் மறம் அங்கே பேசுகிறது. மகன் சென்ற பிறகு வரும் நீண்ட மாலைகள் அங்கே இல்லை. 1967 முதல் இளைஞர் கட்டாயப் படைப்பணிக்குச் செல்லும் சிங்கப்பூரில், போரில்லாத நாளிலும் அம்மாலைகளை ஓரளவு அறிந்த தாய்மார் உண்டு. அவர்தம் பிள்ளைகளுக்கு மறக்குடித் தாயை மட்டும் கற்பித்து, முல்லைத் தலைவியை இலக்கணக் குறிப்பாக்கிவிடுவது முறையன்று.

இருத்தல் என்பது அழாதிருத்தல் என்று பொருள்படுமாயின் முல்லைப்பாட்டு முல்லைக்கே புறம்பாகிவிடும். தலைவி தன்னைத் தானே நெடிது நினைந்து தேற்றுகிறாள், கழலும் வளையைத் திருத்துகிறாள், மயங்குகிறாள், பெருமூச்செறிகிறாள், அம்பு பட்ட மயில்போல் நடுங்குகிறாள். தேற்றமும் நடுக்கமும் மாறி மாறி வருகின்றன. இவற்றுக்கிடையே அவள் வீட்டை விட்டு அகலவில்லை, விளக்கு எரிகிறது. ஆற்றியிருத்தல் என்பது இதுவே. நடுங்கிக்கொண்டே ஆற்றியிருக்க முடியும் என்று நப்பூதனார் கண்டிருக்கிறார்; நச்சினார்க்கினியர் அதனை ஒப்பவில்லை.

பாவை விளக்கின் சுடரில், மாடத்துக் கூரையிலிருந்து அருவிபோல் வீழும் மழைநீரின் ஓசையைக் கேட்டவாறு அவள் கிடக்கிறாள். அப்போது கொம்பும் சங்கும் முழங்க, காயாவும் கொன்றையும் காந்தளும் பூத்த காட்டு வழியே தேர் வருகிறது. குதிரைகளின் ஆரவாரம் அவள் செவியை நிறைக்கிறது. அவ்வளவில் பாட்டு முடிகிறது. தலைவன் இறங்கி வந்ததையோ, இருவரும் கண்டதையோ, முதுபெண்டிர் தம் விரிச்சி பலித்தது என மகிழ்ந்ததையோ நப்பூதனார் பாடவில்லை.