தயிர்ச்சட்டி சாட்சி

போன கிழமை கரடியனாற்றுப் பக்கம் வீதியோரத்தில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன். மண்சட்டி, மேலே கடதாசி, சுற்றி ஒரு கயிறு. அதைக் காரின் பின்சீற்றில் சும்மா வைத்துவிட்டுச் செங்கலடிக்குப் புறப்பட்டேன். முன்பென்றால் வீட்டம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் என்னைத் திட்டிக்கொண்டு வருவார். இந்த முறை நான் தனிய. கறுத்தப்பாலம் தாண்டி, சந்தியில் கிறுகி, முற்றத்தில் நிறுத்திக் கடதாசியைத் தூக்கிப் பார்த்தேன். ஆடையில் ஒரு வெடிப்பு இல்லை. சட்டியின் விளிம்பு அப்படியே காய்ந்து கிடந்தது.

"அரக்கி அரக்கி வந்திருப்பீங்க" என்றார் வீட்டம்மா.

"எழுபதில வந்தனான்!"

அவர் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். காரணம் என் காரின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு ஊதா நிற உருளைகள். கைமுட்டி அளவுதான் இருக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து அதற்குக் கொட்டிய காசில் இவ்வளவு இனித்த காசு வேறில்லை. ரயர் மாற்றினேன், ஷொக் அப்சோபர் மாற்றினேன், பாட்டுப்பெட்டிகூட மாற்றினேன். எல்லாம் ஒரு பக்கம், இந்த நாலு புஷ் ஒரு பக்கம்.

கார் 2002ஆம் ஆண்டு பீஎம்டபிள்யூ 318ஐ. ஈ46 என்று விசிறிகள் சொல்லும் உடல், ஒட்டோ கியர். "இதை வித்துப்போட்டு ஒரு வாகன்ஆர் எடுடா" என்று சொந்தக்காரர் முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார் வைத்திருந்தவனெல்லாம் அதைப் பிள்ளைபோல் பார்க்கப் பழகிவிட்டான். நானும் அப்படித்தான். தினமும் ஏறாவூர், தன்னாமுனை, பிள்ளையாரடி வழியாக மட்டக்களப்புக்குப் போய் வருகிறேன். இரண்டு மாதத்துக்கொருமுறை பதுளையில் அக்கா வீடு. பேராதனையில் தொடங்கி, நுவரெலியா ஏறி இறங்கி, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா கடந்து எங்கள் சந்தியில் வந்து முடிகிற ஏ5 வீதிதான் அதற்கு வழி. புல்லுமலை வரை நேர்வீதி, லுணுகலைக்கு மேலே பாம்பு. கார் ஒன்றைச் சோதிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் என் கார் இரண்டு வருடம் பெயில். பசறைப் பக்கம் வளைவுக்குள் காலைப் பெற்றோலிலிருந்து எடுத்தால், நான் திருப்பாமலே பின்பக்கம் ஒரு விரற்கடை தானாகத் திரும்பும். ரிவேர்சிலிருந்து டிரைவுக்குப் போட்டால் முதுகுக்குப் பின்னால் "டொக்". பின்ரயர்கள் உட்பக்கமாகத் தேய்ந்தன. முதலில் ஷொக் என்றார்கள், மாற்றினேன். பிறகு ரயர் என்றார்கள், மாற்றினேன். டொக் மாறவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் ஏறாவூர்ப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். காரைத் தூக்கிவைத்து, பின் குரொஸ் மெம்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். இரும்புச் சட்டம் முழுவதும் மேலும் கீழும் ஆடியது. "இஞ்ச பாருங்க தம்பி, கிழவன்ட பல்லு ஆடுற மாதிரி."

அவர் குரொஸ் மெம்பர் என்பதைத்தான் புத்தகங்கள் சப்ஃபிரேம் என்கின்றன. இந்தக் காரில் டிஃபரன்ஷியலும் பின்சில்லுகளைப் பிடிக்கும் மேல், கீழ்க் கைகளும் அந்தச் சட்டத்தில்தான் தொங்குகின்றன. சட்டமோ காரின் அடித்தகட்டில் நாலே நாலு இடத்தில் பிடித்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு புஷ். எஞ்சின் தள்ளுகிற தள்ளு, றோட்டு குத்துகிற குத்து, டிஃபரன்ஷியலின் முனகல், எல்லாவற்றிலும் ஒரு பங்கு அந்த நாலு ரப்பர் துண்டு வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. அவை நல்லாயிருக்கும்வரை ஒருவரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. செத்தால் கார் முழுவதும் கிழடு.

ஈ46 காருக்கு இதில் ஒரு கெட்ட பெயரும் உண்டு. சட்டம் ஆட ஆட, அது பிடித்திருக்கும் தகடு களைத்து வெடிக்கும். இதற்கு முந்திய ஈ36 உடலுக்கும் இதே வியாதி. ஆகவே சப்ஃபிரேம் புஷ் மாற்றுகிறவர் தகட்டைப் பார்க்காமல் திரும்பி ஏற்றக் கூடாது. இதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் முறை நான் செய்த மடைத்தனத்தையும் மறைக்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் மலிவாக ஒரு செட் வாங்கினேன். பெட்டி அசலைப் போலவே இருந்தது. எட்டு மாதத்தில் ரப்பர் நடு இரும்பை விட்டுக் கழன்றுவிட்டது. காசு போனதைவிட, சட்டத்தைக் கழற்றி ஏற்றிய கூலி இரண்டு முறை போனதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாம் முறை கொஞ்சம் படித்துவிட்டு இறங்கினேன். படிக்கப் படிக்க ருசி கண்டுவிட்டது! 1876இல் பிரேசில் விதையிலிருந்து வளர்த்த ரப்பர் கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து கப்பலேறி நம் கம்பகா ஹெனரத்கொடைக்கு வந்தன. ஆசியாவின் ரப்பர்க் கதை அங்கே தொடங்குகிறது. புஷ் செய்யும் மற்றப் பொருளான பொலியூரிதேன் அதற்கு இரண்டு தலைமுறை பிந்திய ஆள். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஒட்டோ பேயர் கூட்டம் செய்து காட்டியது. மரத்துப் பாலா, ஆய்வுகூடத்துப் பாலா என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி.

ரப்பரை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதிர்வை வாங்கித் தனக்குள்ளேயே சூடாக்கிக் கரைத்துவிடுவதில் அதற்கு நிகர் இல்லை. லெம்ஃபோர்டர் செய்யும் அசல் ரப்பர் புஷ் போட்டால் கார் புதிதாக வந்த நாள்போல் ஓடும். சத்தமே வேண்டாம் என்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். ஆனால் ரப்பருக்குச் சூடு ஆகாது, எண்ணெய் ஆகாது. என் டிஃபரன்ஷியல் சீல் கசிந்து பழைய புஷ் ஒன்று ஊறி உப்பிக் கிடந்தது. எங்கள் பக்கத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

மறுகோடியில் அலுமினியத் துண்டு. பந்தயக்காரர் போடுவது. ஆட்டம் என்ற பேச்சே இல்லை, ஆனால் டிஃபரன்ஷியல் காதுக்குள் உட்கார்ந்து பாடும். தினமும் பிள்ளையை ஏற்றி இறக்குகிற காருக்கு அது பைத்தியக்கார வேலை.

நடுவில்தான் பொலியூரிதேன். இங்கிலாந்தின் பவர்ஃபிளெக்ஸ் போன்றவர்கள் செய்கிறார்கள். இதன் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். ரயரின் ஓடுதளம் சுமார் 60 முதல் 70 வரை. பவர்ஃபிளெக்சின் வீதிக்கான ஊதா 80, பந்தயத்துக்கான கறுப்பு 95. எண்ணைப் பார்த்தால் பதினைந்துதான் வித்தியாசம். கையில் எடுத்துப் பாருங்கள். ஊதாவில் கட்டைவிரல் நகம் ஊன்றினால் மெல்ல உள்வாங்கித் திரும்பும். கறுப்பில் நகம்தான் வளையும். உண்மையைச் சொன்னால் எனக்குக் கறுப்பில்தான் ஆசை. மெக்கானிக் அண்ணன் ஒரே கேள்வியில் ஆசையை அறுத்தார்.

"தம்பி, நீங்க ரேஸ் ஓடுறீங்களோ, ஒபிஸுக்குப் போறீங்களோ?"

ஊதாவே எடுத்தேன். நாலும் வந்து சேர்ந்தபோது ஒரு சோடி நல்ல ரயரின் விலையாகிவிட்டது. வீட்டம்மாவிடம் அரை விலைதான் சொன்னேன். இதை அவர் வாசிக்காமல் இருக்க வேண்டும்.

கழற்றிய நாள் ஒரு சனிக்கிழமை. லேத் கடையில் தடித்த குழாய், நீளமான மரையாணி, பெரிய வாஷர் எல்லாம் சேர்த்து ஓர் இழுவை செய்வித்திருந்தோம். நட்டை முறுக்க முறுக்கப் பழைய புஷ் முனகிக்கொண்டு வெளியே வந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். ஆவணி மாதத்துக் குளத்துச் சேறு மாதிரி வெடித்த ரப்பர். ஒரு வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் பாதி இறங்கியது. நடு இரும்பு ரப்பரோடு ஒட்டியிருக்க வேண்டும், அது விரலால் சுற்றினாலே சுழன்றது. அடடா, இதை நம்பியா லுணுகலை இறங்கினேன்!

பிறகு தகடு. கம்பித் தூரிகையால் பெயின்ரைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைச் சோக்கைத் தேய்த்தார் அண்ணன். "ஒரு ரீ குடிச்சிட்டு வாங்க." வந்து பார்த்தால் மூன்று மூலை வெள்ளை வெளேர். நாலாவது மூலையில் ஒரு மயிர்க்கோடு, என் நக நீளம். வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து சோக்கில் தன் படத்தைத் தானே வரைந்திருந்தது. எந்த மெசினும் இல்லாமல், இரண்டு சாமானை வைத்து! எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க அதன் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டு, வெல்ட் செய்து, மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டினார்கள். பெற்றோல் ராங்க் அருகிலேயே இருப்பதால் அதை இறக்கி வெளியே எடுத்தார்கள், மண்ணெண்ணெய்த் துணிகளையும் அப்புறப்படுத்தினார்கள், பற்றரி வயரைக் கழற்றினார்கள். இதில் அவசரப்படுகிற கராஜில் காரை விடாதீர்கள். வாவிக் காற்றில் உப்பு இருப்பதால் பெயின்ருக்கு மேல் மெழுகும் அடித்தோம்.

ஊதாத் துண்டுகள் ஏறியது ஒரு சந்தோசம். அவற்றோடு வந்த சிலிக்கன் கிரீசைத் தாராளமாகப் பூசி, இரண்டு பாதியையும் இரண்டு பக்கத்தாலும் தள்ளி, நடுவில் இரும்புக் குழலைச் சொருகினால் முடிந்தது. இந்தக் கிரீசில் கஞ்சத்தனம் பார்த்தவரின் கார்தான் பிறகு கட்டில் மாதிரிக் கிறீச்சிடும். ரப்பர் புஷ் உள்ள கைகளின் ஆணிகளை மட்டும், கார் தன் காலில் நின்ற உயரத்தில்தான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழியும்.

பின்சில்லிலிருந்து முன்னோக்கி நீளும் கையின் (ட்ரெயிலிங் ஆர்ம்) புஷ்ஷுக்கும் ஊதா போடலாமா என்று கேட்டேன். அண்ணன் வேண்டாமென்று தலையாட்டினார். அந்தக் கை ஒரு திசையில் மட்டும் அசைவதில்லை, பல பக்கம் முறுகும். அங்கே கடினமான துண்டு போட்டால் பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே புது ரப்பர். டிஃபரன்ஷியலின் புஷ்ஷும் ரப்பரே. எல்லாவற்றையும் இறுக்கினால் கார் நல்லதாகிவிடும் என்பது சின்னப்பிள்ளைக் கணக்கு. சட்டம் அசையாமல் நிற்க, கைகள் சுகமாக அசைய, இரண்டும் சேர்ந்தபோதுதான் அந்தத் தயிர் கலங்காமல் வந்தது.

மட்டக்களப்பில் நாலு சில்லு அலைன்மென்றும் பார்த்தபிறகு, முதல் கிழமையே பதுளைக்கு விட்டேன். டிரைவுக்குப் போட்டேன், டொக் இல்லை. பிபிலை தாண்டி ஏறத் தொடங்கியபோது கார் என் கைக்குப் பின்னால் ஒரு கணம்கூடச் சுணங்கவில்லை. திருப்பினால் முன்னும் பின்னும் ஒரே பேச்சு. வளைவுக்குள் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன், வால் அப்படியே கோட்டில் நின்றது. நான் தனிய சிரித்துக்கொண்டு ஓட்டியதை லுணுகலையில் யாராவது பார்த்திருந்தால் எனக்கு வேப்பிலை அடித்திருப்பார்கள். பசறையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியவன், வந்த வளைவுகளில் நாலைத் திரும்பிப் போய் மறுபடி ஓட்டிவிட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். சோறு ஆறிவிட்டது.

குறை? ஒன்று உண்டு. யன்னல் பூட்டி, பாட்டு நிறுத்தி, அறுபதில் சீராகப் போனால் பின்னால் ஒரு மெல்லிய ரீங்காரம். முன்பு இல்லை. வீட்டம்மாவுக்கு அது கேட்பதேயில்லை, எனக்குத்தான் கேட்கிறது. சின்னக் கற்கள் நிறைந்த கிறவல் ஒழுங்கையிலும் பழையதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிகிறது. இதுவரை பதினொரு மாதம் ஓடியாயிற்று, ஒரு மழைக்காலமும் பார்த்தாயிற்று, கிறீச் இல்லை.

உங்கள் காரும் வளைவில் வாலாட்டுகிறதென்றால், ஷொக்குக்கும் ரயருக்கும் காசு கட்டுவதற்கு முன் ஒரு நெம்புகம்பி கொடுத்துப் பாருங்கள். என் சொல்லில் சந்தேகமிருந்தால் செங்கலடிக்கு வாருங்கள், சாவியைத் தருகிறேன், கரடியனாறு வரை நீங்களே ஓட்டலாம். தயிர் உங்கள் செலவு.