எதனால் செய்தது என்று முதலில் கேளுங்கள்

நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கயிறு. அத்தனையும் மனிதத் தலைமுடியில் திரித்தது. சுவரோரம் தொங்கியும் தரையில் குவிந்தும் கிடக்கிற அந்தக் கயிறு, பளபளக்கும் கார் பம்பர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கூடத்தில் இருப்பவை இந்த இரண்டும்தான். பெங்களூரில் வாழும் ஷீலா கௌடா 2009-இல் வெனிஸ் பியனாலே கண்காட்சியில் வைத்த படைப்பு இது. பெயர் ‘பிஹோல்ட்’. இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஓவியக் கல்லூரி மாணவி நான். இதன் படத்தை வகுப்பில் காட்டியபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. இதற்கு என்ன அர்த்தம் என்பது ஒன்று. இதில் வரையத் தெரிந்த கை எங்கே என்பது இன்னொன்று. சமகாலக் கலையைப் பார்க்க வருகிற யாரும் கேட்பவை இவை. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: இது எதனால் செய்தது? அது எங்கிருந்து வந்தது, இங்கே வருவதற்கு முன் யார் கையில் என்னவாக இருந்தது?

தலைமுடியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழனியிலும் திருப்பதியிலும் சமயபுரத்திலும் நேர்ந்துகொண்டு இறக்கிய முடி எங்கே போகிறது? நீளமானது சவுரிக்கும் விக்குக்கும் விலைபோகிறது. குட்டை முடி மிஞ்சுகிறது. அதைத் திரித்துக் கயிறாக்கித் திருஷ்டிக்காக வண்டியில் கட்டுகிறார்கள். பெங்களூர்ச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் பம்பரில் ஷீலா கௌடா கண்டது இந்தக் கயிற்றைத்தான்.

இதைத் தெரிந்துகொண்டபின் படைப்பை மறுபடி பாருங்கள். பம்பர் மோதலைத் தாங்குவதற்காகச் செய்த பொருள். அந்தப் பம்பரையே தாங்கி நிற்கிறது, முகம் தெரியாத ஆயிரம் பேர் சாமிக்குக் கொடுத்த முடி. வேண்டுதலும் வியாபாரமும் விபத்து பற்றிய பயமும் ஒரே கயிற்றில் திரிந்து கிடக்கின்றன. அர்த்தம் என்று தனியாக எதையும் யாரும் நமக்குச் சொல்லவில்லை. கயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்டோம், அவ்வளவுதான். வெனிஸில் இதைப் பார்த்த ஒருவருக்கு நீண்ட விளக்கக் குறிப்பு தேவைப்பட்டிருக்கும். நமக்குப் பாதி வீட்டிலேயே தெரியும். சமகாலக் கலை யாரோ வெளிநாட்டுக்காரர்களுக்கானது என்று நினைத்து ஒதுங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

இனி ஒரு சோதனை. முடிக்குப் பதிலாக நைலான் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீளம், அதே கறுப்பு, அதே பம்பர்கள். படைப்பு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். எந்தச் சமகாலப் படைப்பின் முன் நின்றாலும் நான் செய்து பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். எதனால் செய்ததோ அதை எடுத்துவிட்டு, அருகில் கிடைக்கும் வேறொன்றை மனத்தில் வைத்துப் பார்ப்பேன். எல்லாம் சரிந்தால் கலைஞர் சரியான பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஷீலா கௌடா ஓவியராகத் தொடங்கியவர். 1990களில் தூரிகையைத் தள்ளி வைத்துவிட்டுச் சாணத்தைக் கையில் எடுத்தார். 1998-இல் ஊசிகளில் நூல் கோத்து, அந்த நூல்களை ஒன்றுசேர்த்துக் குங்குமமும் கோந்தும் பூசிச் சிவப்புக் கயிறாக ஆக்கினார். கூடத்துச் சுவரிலும் தரையிலும் வளைந்து ஓடும் அந்தக் கயிற்றின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். தைப்பதும் கோப்பதும் பெண்களின் அன்றாட வேலை என்பதால் அந்த உழைப்பை யாரும் உழைப்பாக எண்ணுவதில்லை. அதைக் கூடம் நிறைய இழுத்து வைத்துக் கண்ணை விட்டு விலக முடியாதபடி செய்துவிட்டார். குங்குமத்தின் இடத்தில் சிவப்புப் பெயின்டை வைத்துப் பாருங்கள், தெரியும்.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல பத்தாண்டுகள் கற்பித்த எல் அனட்சுயியின் படைப்புகளும் இதே வழியில் திறக்கின்றன. தூரத்திலிருந்து பொன்னாடை போல மின்னும். கிட்டப் போனால் அது மதுப்புட்டிகளின் மூடிகள். நசுக்கி, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டியவை. ஐரோப்பியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து இறக்கிய சரக்குகளில் மது முக்கியமானது. அடிமை வணிகத்திலும் அது கைமாறியது. அசல் தங்கத் தகட்டால் செய்திருந்தால் அழகு அப்படியே இருந்திருக்கும், வரலாறு போயிருக்கும்.

பொருளைக் கண் மட்டுமே அறியும் என்றில்லை. திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் இயங்கும் பெனிதா பெர்சியால், 2014-இல் கொச்சி முசிறி பியனாலேயில் கிறிஸ்துவையும் சீடர்களையும் நினைவூட்டும் உருவங்களை வைத்தார். அவற்றைச் செய்தது சாம்பிராணி, வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை, கிராம்பு போன்ற மணப்பொருள்களைக் கொண்டு. வைத்த இடம் ஃபோர்ட் கொச்சியில் முன்பு சரக்குக் கிடங்காக இருந்த பெப்பர் ஹவுஸ். மிளகும் பட்டையும் கடல் கடந்து போன கரை அது. இயேசுவின் சீடர் தோமா வந்திறங்கியதாக நம்பப்படுவதும் இந்த மலபார்க் கரையில்தான். வாசனைப் பொருள் வெளியே போன வழியாகவே ஒரு மதம் உள்ளே வந்தது. அந்த உருவங்களில் கை உடைந்தவை உண்டு, பழைய மாதாகோயில் பரணில் கிடப்பவை போன்ற தோற்றம் கொண்டவை உண்டு. எல்லாம் சரி, ஆனால் மூக்கில்லாமல் அந்தப் படைப்பைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். மொபைல் திரையில் பார்த்துவிட்டுச் சமகாலக் கலையைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்று நான் நண்பர்களிடம் மன்றாடுவது இதனால்தான்.

நான் மிக அதிக நேரம் செலவிட்ட படைப்பு, சுவரில் மாட்டக்கூடியதே அல்ல. அது ஒரு புத்தகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. ஆசிரியர் ஒருவரிடமிருந்த பிரதியைக் கெஞ்சி வாங்கிப் புரட்டினேன்.

தோம்பு என்பது இலங்கையில் போர்த்துக்கீசர் தொடங்கி, ஒல்லாந்தர் விரிவாக்கிய நிலப் பதிவேடு. எந்தக் காணி யாருக்கு, அதில் என்ன நிற்கிறது என்று ஆட்சியாளர்கள் வரிக்காக எழுதி வைத்தது. சனாதனன் அந்தப் பதிவேட்டை மக்கள் பக்கமிருந்து எழுத முனைந்தார். போரில் இடம்பெயர்ந்த தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போடச் சொன்னார். அந்த வரைபடம் ஒரு தாளில். கட்டடக் கலைஞர் அதையே அளவுக் கோடுகளோடு திருத்தமாகப் போட்டது இன்னொரு தாளில். அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்ன சில வரிகள். பிறகு சனாதனனின் ஓவியம். எல்லாம் சேர்ந்து அரசு அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

இதைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். கலைஞரின் ஓவியத்தை முதலில் பார்க்காதீர்கள். அது அழகாக இருக்கும், கண் அதிலேயே நின்றுவிடும். வீட்டுக்காரர் போட்ட கோட்டில் தொடங்குங்கள். பேனாவைப் பிடித்து வரைந்து பழக்கமில்லாதவரின் கோடு அது. வாசல், அறைகள், கிணறு என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறது. நினைவிலிருந்து போடும் வரைபடத்துக்கு அளவுகோல் கிடையாது. எது பெரிதாக வரும், எது ஓரத்தில் ஒடுங்கும் என்பதை அந்த வீட்டில் வாழ்ந்த வாழ்க்கை தீர்மானிக்கிறது. அடுத்து கட்டடக் கலைஞரின் தாளைப் பாருங்கள். அதே வீடு நேர்க்கோடுகளில் நிமிர்ந்து நிற்கும். கட்டியே விடலாம் போலிருக்கும். இரண்டு தாள்களுக்கும் இடையில் என்ன தொலைந்தது என்று மெல்லத் தேடுங்கள். இந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் ஓவியத்துக்கு வாருங்கள். அது ஏன் அங்கே தேவைப்பட்டது என்பது புரியும்: கோணலான கோட்டாலும் நேரான கோட்டாலும் சொல்ல முடியாமல் போன ஏதோ ஒன்றுக்காக.

என் சோதனையை இதற்கும் போட்டுப் பார்த்தேன். அந்த வீடுகள் அனைத்தையும் சனாதனனே வரைந்திருந்தால்? அவர் கைத்திறன் உள்ளவர், மிகச் சிறப்பாகவே வந்திருக்கும். ஆனால் பதிவேடு போய் ஓவியத் தொகுப்பு ஆகியிருக்கும். இங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் தாளோ மையோ அல்ல, பிறருடைய நினைவு. அதைத் தன் கையால் திருத்தாமல் விட்டதே இந்தப் படைப்பின் நேர்மை. காணி உறுதி தொலைந்துபோன ஒருவருக்கு அந்தக் கோணல் கோடு ஓர் ஆவணம். 2009-இல் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில் வந்த புத்தகம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வரையத் தெரிந்த கை எங்கே என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். தமிழ் வாசகர்களுக்கு நவீன ஓவியம் புதிதல்ல. அதைப் புத்தக அட்டையிலும் பத்திரிகைப் பக்கத்திலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஓவியர் ஆதிமூலம் போட்ட தலைப்பு எழுத்துகளைக் கண்டாலே அடையாளம் சொல்வோம். 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களில் ஒரு கோடுகூட வீணாகாது. அதே ஆதிமூலம் பிற்காலத்தில் உருவங்களையே விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குப் போனார். வரையத் தெரியாததால் அப்படிப் போனார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பரப்புகளின் முன் நிற்கும்போது அங்கே மலை தெரிகிறதா, வயல் தெரிகிறதா என்று துழாவ வேண்டாம். ஒரு நிறம் இன்னொரு நிறத்தைத் தொடும் ஓரத்தைப் பாருங்கள். சாயம் தடித்து நிற்கும் இடத்தையும் மெலிந்து அடிவண்ணம் எட்டிப் பார்க்கும் இடத்தையும் பாருங்கள். ஓவியத்துக்கும் பொருள்தானே முதல்? துணியும் சாயமும் அவை இரண்டின் மேல் நடந்த கையும்.

கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் இன்னொரு வகை. ஜாதகக் கட்டங்களும் கணக்கு நோட்டுப் பக்கங்களும் சேர்ந்தாற்போல் இருக்கும். எழுத்துகள் வரிவரியாக ஓடும். ஒன்றையும் வாசிக்க முடியாது. அதை வாசிக்கக்கூடிய வரிகளாக மாற்றிப் பாருங்கள், வெறும் சுவரொட்டி ஆகிவிடும்.

எல்லாச் சமகாலக் கலையும் நல்லதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நியான் விளக்கில் ஒரு வாசகத்தை எழுதி மாட்டிவிடும் படைப்புகளில் பெரும்பாலானவை என் சோதனையில் தோற்கின்றன. அதே வாசகத்தை அட்டையில் எழுதியிருந்தாலும் இழப்பு இருந்திருக்காது. துருப்பிடித்த தையல் மெஷினையும் பழைய டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்து ‘நினைவு’ என்று பெயர் சூட்டுவதும் அப்படித்தான். அந்தப் பெட்டி யாருடையது, ஏன் அது மட்டும் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் அது பழைய சாமான். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். எதனால் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். அந்த ஒரு வரியில்தான் ரசனை வளர்கிறது.

கூடத்துக்குள் நடந்துகொள்வது பற்றிக் கொஞ்சம். விளக்கச் சீட்டைக் கடைசியில் படியுங்கள். ஆனால் அதில் ‘எதனால் ஆனது’ என்ற வரியை மட்டும் முதலிலேயே பார்த்துவிடலாம். தூரத்தில் ஒருமுறை, மிகக் கிட்டத்தில் ஒருமுறை, பிறகு பக்கவாட்டில். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் கூடாது; நான்கைந்து படைப்புகள் போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்தே ஆகவேண்டும். ஷில்பா குப்தா 2018-இல் கொச்சியில் வைத்த படைப்பில் நூறு மைக்குகள் தொங்கின. எழுத்துக்காகவோ அரசியலுக்காகவோ சிறையிலடைக்கப்பட்ட நூறு கவிஞர்களின் வரிகள், எட்டாம் நூற்றாண்டு முதல் இன்றுவரை எழுதப்பட்டவை, கீழே கூரான கம்பிகளில் குத்தப்பட்டிருந்தன. நம் பேச்சைக் கேட்கவேண்டிய மைக்குகள் அங்கே பேசின. ஒரு குரல் சொல்ல, மற்றவை திருப்பிச் சொல்லும். வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறவருக்கு அதில் நூறு மைக்குகள் தெரியும், ஒரு குரலும் கேட்காது.

பார்ப்பதற்கு இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. 1966-இல் பணிக்கரும் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் கலை இயக்கத்தாரின் ஓவியங்களையும் சிற்பங்களையும் நேரில் பார்க்கலாம். சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சிகள் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். கொழும்பில் 2019 முதல் நவீன, சமகாலக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. கொச்சி பியனாலே நடக்கும் மாதங்களில் சென்னையில் ரயில் ஏறினால் ஓர் இரவுப் பயணம். அங்கே 2014 முதல் மாணவர்களுக்கென்று தனிப் பியனாலேயும் உண்டு.

இவற்றோடு இன்னோர் இடத்துக்கும் வாருங்கள். ஓவியக் கல்லூரிகளில் மாணவர்கள் வைக்கும் கண்காட்சிகளுக்கு எங்கள் பெற்றோரும் நண்பர்களும் தவிர அதிகம் பேர் வருவதில்லை. அங்கே படைப்புக்குப் பக்கத்திலேயே அதைச் செய்தவர் நின்றுகொண்டிருப்பார். அவரிடம் அர்த்தத்தைக் கேட்காதீர்கள், தடுமாறிப் போவார். எதனால் செய்தாய், ஏன் இதை எடுத்தாய், வேறொன்றை ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள். நன்றாகச் செய்தவர் விடாமல் பேசுவார். சரியாகச் செய்யாதவருக்கு அடுத்த முறை எங்கே தொடங்கவேண்டும் என்று உங்கள் கேள்வியே சொல்லிவிடும். எங்களுக்கு அப்படிக் கேட்கிறவர்கள் வேண்டும்.