பெயர் கடைசியில் வரும்

நாடகத் தேர்வுக்குத் தனிமொழி கேட்டால் நம் பையன்கள் நேரே 'பராசக்தி'யின் கூண்டில் போய் ஏறிக்கொள்கிறார்கள். அந்த இடம் கிடைக்காதவர்கள் ஜாக்சன் துரையைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். என்னிடம் யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுங்கள். பெண்ணோ பையனோ, கண்ணகியைப் பேசுங்கள். நம்மிடம் இருக்கிற நீதிமன்றப் பேச்சுகளுக்கெல்லாம் தாய் அதுதான். இன்னும் யாரும் பேசித் தீர்த்துவிடாத பேச்சும் அதுதான்.

போன மாதம் மாடி வீட்டுப் பெண் வந்து நின்றாள். "ஆன்ட்டி, ரெண்டே நிமிஷம்தான். கிளாசிக்கா ஏதாவது பண்ணுன்னு சொல்லிட்டாங்க." மறுநாள் காலை ஆறரைக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வரச்சொன்னேன். நடைப்பயிற்சிக்காரர்கள் நம்மைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் பேசிப் பழகிவிட்டால் தேர்வு அறையில் கூச்சம் வராது.

வந்தவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் கையைத் தூக்கிவிட்டாள். மெரினாவில் நிற்கிற கண்ணகி அது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தார்கள்; 2001-ல் எடுத்தார்கள்; 2006-ல் திரும்ப வைத்தார்கள். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் கண்ணகி என்றதும் உடம்பு அந்த நிற்புக்குத்தான் போகிறது. சிலைக்குக் கை வலிக்காது. மனுஷிக்கு வலிக்கும்.

பையில் கொண்டுபோயிருந்த பழைய திண்டுக்கல் பூட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். நல்ல கனம். "இதுதான் சிலம்பு. கீழ வைக்காம மூணு தடவை பேசு." முதல் தடவை பூட்டு தலைக்கு மேலே நின்றது. இரண்டாம் தடவை தோளுக்கு வந்தது. மூன்றாம் தடவை பாதியிலேயே கை தானாக இடுப்போரம் இறங்கியது. கையோடு குரலும் இறங்கியது. அந்த இறங்கின குரலில்தான் எனக்குக் கண்ணகி கேட்டாள்.

கத்த வேண்டியதையெல்லாம் அவள் மதுரைத் தெருவிலேயே கத்தி முடித்துவிட்டாள். சூரியனைக் கேட்டு, தன் கணவன் கள்வன் இல்லை என்ற பதிலையும் வாங்கிக்கொண்டாள். கோவலனின் உடலைக் கட்டிக்கொண்டு அழுதாயிற்று. அரண்மனைக்கு அவள் வந்திருப்பது வழக்கு உரைக்க. காதைக்குப் பெயரே அதுதானே. கையில் இருப்பது சான்று. வாயில் இருப்பது வாக்குமூலம். சான்றை வைத்திருக்கிறவர்கள் அதை ஆட்டிக் காட்டமாட்டார்கள், பத்திரமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

"நீ யார்" என்று பாண்டியன் கேட்கிறான். அவள் பதில் பதினான்கே அடி. மன்னனை விளிக்கிற முதல் சொல்லில் இரண்டு எழுத்தும் நெடில். அந்த நெடிலில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்த எல்லோருக்கும் ஆசை வருகிறது. கத்திவிட்டால் அடுத்த சொற்களுக்குப் போக வழி இல்லை. ஏனென்றால் அடுத்தபடியாக அவள் சொல்வது, சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான். ஆராயாதவனே என்று ஒரு அரசனை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உடனே இத்தனை அடக்கமாக ஒரு வாக்கியம். இந்த இறக்கத்தைப் பேசத் தெரிந்தால் போதும், தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது என்பேன்.

பிறகு புறாவின் துயர் தீர்த்த சோழன். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன். இங்கே 'கடைமணி' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. முதல் கடைமணி அரண்மனை வாசலில் தொங்குவது. இரண்டாவது பசுவின் கண்ணோரம் நீர் வழிகிற கடைமணி. ஒரே சொல், ஒன்று அடிக்கிறது, மற்றது அழுகிறது. முதலாவதைச் சற்று ஓங்கியும் இரண்டாவதைக் கிட்டத்தட்ட மூச்சாகவும் சொல்லச்சொன்னேன். மறுபடி மறுபடி சொன்னாள். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

புகார் என் ஊர் என்கிற இடம்வரை ஒரே ஓட்டம். அங்கே மூச்சு வாங்கலாம். அதுவரை பேசியவள் சோழ நாட்டின் பிரதிநிதி. அதற்குப் பிறகு பேசுகிறவள் ஒரு வணிகக் குடும்பத்து மருமகள். ஊர், குடி, மாமனார், கணவன், பிழைக்க வந்தது, சிலம்பு விற்க வந்தது, வெட்டுப்பட்டது, எல்லாம் முடிந்து கடைசிச் சொற்களில் தன் பெயர். யார் என்று கேட்டவனுக்குப் பெயரைக் கடைசியில் சொல்கிறாள் பாருங்கள்! அதற்குள் அவன் அவளை மட்டுமல்ல, தன்னையும் தெரிந்துகொள்ள ஆரம்பித்திருக்க வேண்டும். பேசுகிறவர் முதல் அடியிலிருந்தே அந்தப் பெயரை நோக்கி நடந்தாக வேண்டும்.

இதை எனக்குக் காதால் கற்றுக்கொடுத்தவர் கண்ணாம்பா. கடப்பையில் பிறந்து தெலுங்கு நாடக மேடையில் வளர்ந்தவர். 1942-ல் ஜூபிடரின் 'கண்ணகி'யில் இளங்கோவன் எழுதிய வசனத்தைப் பேசினார், கோவலன் பி.யு. சின்னப்பா. தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துப் பாடம் பண்ணுவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைய தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்தே கிடையாது. அப்படியானால் அந்த ஒலியை அவர் காகிதத்திலிருந்து எடுத்திருக்க முடியாது. காதில்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். அதனால்தான் அவர் வாயில் ஒவ்வொரு சொல்லும் அத்தனை கனமாக விழுகிறது என்று நினைக்கிறேன்.

சின்ன வயதில் நான் அவரைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மாட வீதியில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும், பந்தல் காலில் கட்டிய குழாயில் 'மனோகரா' வசனம் ஓடும். பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபைக்காக எழுதி 1895-ல் மேடையேறிய நாடகம். 1954-ல் கலைஞர் வசனத்தில் படமானது. ஊரே சங்கிலியோடு நிற்கிற சிவாஜிக்காகக் காது கொடுக்கும். என் பாட்டி மட்டும், "இரு, அம்மாக்காரி பேசட்டும்" என்பாள். அந்த அம்மா கண்ணாம்பாதான். படம் முழுக்க மகனைச் சத்தியத்தால் கட்டிப் போட்டிருக்கிற தாய் அவள். அந்தக் கட்டை அவளே அவிழ்த்துவிடுகிற நேரத்தில் வருகிற குரலுக்கு, அதுவரை அடக்கி வைத்த பொறுமை முழுவதும் பின்னால் நின்று தள்ளும். அந்தப் பொறுமையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சத்தம்தான்.

சிவாஜியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தி.நகரில் அன்னை இல்லத்தைத் தாண்டும்போதெல்லாம் இன்றும் தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறவள் நான். ஆனால் 'பராசக்தி'யின் கூண்டில் அவர் எப்படித் தொடங்குகிறார் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நியாயம் பேசுகிற நிதானம் அது. பையன்கள் எடுத்துக்கொள்வது முடிவில் வருகிற வெள்ளத்தை. விட்டுவிடுவது தொடக்கத்தில் இருக்கிற அணையை. தவிர, அந்தப் பேச்சைக் கேட்கிற எவர் காதிலும் அவர் குரல் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கும். அவரோடு போட்டி போட்டு ஜெயித்தவர்கள் யார்?

வசனமே பழசு, உடம்புதான் நாடகம் என்று சொல்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழியில் வந்தவர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். பூட்டைக் கையில் வைத்ததும் உடம்பு வேலைதானே? தெருக்கூத்தில் வேஷம் திரைக்குப் பின்னால் நின்று, தான் இன்னார் என்று அறிவித்துவிட்டுத்தான் சபைக்கு வரும். அந்த அறிவிப்பைக் கடைசிவரை தள்ளிப்போட்டவர் இளங்கோவடிகள். இந்தத் தள்ளிப்போடலை உடம்பு மட்டும் செய்ய முடியாது. வாக்கியம்தான் செய்ய வேண்டும்.

வருத்தம் எனக்கு வேறு இடத்தில். வாழ்வும் ஊழும் கழலும் அடுத்தடுத்து வருகிற அடிகள் இந்தப் பேச்சின் நெஞ்சு. விதி துரத்த உன் ஊருக்கு வந்தோம் என்று சொல்கிற இடம். ழகரம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகிறது. நாக்கு வளைந்து வளைந்து களைக்கிறது. நடந்து வந்த களைப்பு நாக்கிலேயே வந்துவிடுகிறது. இதை இன்று 'வால்தல்' என்றும் 'ஊள்வினை' என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கபாலி கோயில் மணி கேட்டு வளர்ந்த பிள்ளைகள்! போனில் ஆங்கில எழுத்தில் அடித்துவைத்துப் படிக்கிறார்கள். அந்த எழுத்தில் ழ இல்லை, ள இல்லை, ற இல்லை. தெலுங்கு எழுத்தில் படித்தவர் காதில் வாங்கிக்கொண்டது போல இவர்களுக்கும் வாங்கிக்கொள்ளக் காது இருக்கிறது. வாங்கத்தான் நேரம் தருவதில்லை. தமிழ் எழுத்தில், சந்தி பிரித்து, பெரிய எழுத்தில் கையால் எழுதிக் கொண்டு வா என்றேன். நாலு நாள் எழுதினாள். அஞ்சாம் நாள் தாள் தேவைப்படவில்லை.

தேர்வு அன்று நானும் கூடப் போனேன். அடையாறில் ஒரு மாடி அறை. இரண்டு நிமிடம் என்றவர்கள் அன்றைக்கு ஒரு நிமிடம் ஆக்கிவிட்டார்கள். பூட்டை இடுப்போரம் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் சொல்லைக் கத்தவில்லை. வாசல் மணியையும் பசுவின் கண்ணையும் தனித்தனியாகச் சொன்னாள். புகாரில் மூச்சு வாங்கினாள். கொலைக்களம்வரை வந்தபோது மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஓகே, போதும்மா. இப்ப கொஞ்சம் எமோஷனலா, அழுது காட்டு பார்க்கலாம்."

பெயருக்கு ஒரே ஒரு அடி மிச்சம் இருந்தது.

தேர்வு செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய வரம் இல்லை. ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பதினான்கு அடியை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தால் பதினான்காவது அடிவரை இருங்கள். பாண்டியன் எத்தனையோ தவறு செய்தவன்தான். ஆனால் அவள் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை.