ஐந்து மைலுக்கு உட்பட்ட பால்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன். 1940-களின் பிற்பகுதியில் அந்த ஊர் அடங்கிய மாவட்டத்தில் மட்டும் சுமார் 5,600 பால் பண்ணைகள் இருந்தன. அங்கே கறந்த பால் நகரின் தேவையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பாலில் மிதக்கும் அப்படிப்பட்ட ஊர்தான் வெளியூர்ப் பால் உள்ளே வராதபடி ஒரு விதியும் வைத்திருந்தது. நகர மையச் சதுக்கத்திலிருந்து ஐந்து மைலுக்குள், நகராட்சி ஒப்புதல் பெற்ற ஆலையில் பதப்படுத்திப் புட்டியில் அடைத்ததாக இருந்தால்தான் அதைப் பதப்படுத்திய பால் என்று விற்கலாம். பண்ணைகளுக்கு வேறொரு வட்டம். 25 மைலுக்கு அப்பால் போய்ச் சோதிக்கும் கடமை நகர அதிகாரிகளுக்குக் கிடையாது. அவர்கள் சோதிக்காத பண்ணைக்கு அனுமதியும் கிடையாது.

டீன் மில்க் என்ற இல்லினாய் நிறுவனம் இந்த விதியில் வந்து முட்டிக்கொண்டது. அதன் இரண்டு ஆலைகளும் மேடிசனிலிருந்து 65 மைல், 85 மைல் தொலைவில் இருந்தன. நகராட்சி உரிமம் மறுத்ததற்குச் சொன்ன ஒரே காரணம் தூரம். பாலில் குறை இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

விதியை எழுதியவர்களைக் கெட்ட எண்ணக்காரர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பால் வழியாகக் காசநோயும் டைபாய்டும் பரவிய காலம் அவர்கள் நினைவில் இருந்தது. நகரத்துக்குப் பால் தந்த சுமார் 500 பண்ணைகளையும் ஆலைகளையும் 30 நாளுக்கு ஒருமுறை பார்க்க நகராட்சியிடம் இருந்தவர்கள் இரண்டே ஆய்வாளர்கள். அதிலும் ஒருவர்தான் முழுநேரம். பால் ஆலையைச் சோதிப்பது எட்டிப் பார்த்துவிட்டு வரும் வேலை அல்ல. பாலை உரிய வெப்பத்தில் உரிய நேரம் வைத்திருந்தார்களா என்று தெரிய வேண்டும். அதற்குப் பதிவுத்தாளில் ஊசி வரைந்த வெப்பக் கோட்டைப் பார்க்க வேண்டும், குழாய் இணைப்புகளைக் கழற்றி அழுக்கு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், புட்டி கழுவும் இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கும்போதுதான் உண்மை நிலை தெரியும். ஐந்து மைலுக்குள் இருந்தால் அது முடியும். உள்ளூர் உரிமம் என்ற ஏற்பாட்டின் பலமே இதுதான். குடிக்கிறவரின் ஊர் அதிகாரி, குடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்.

ஆனால் அந்த விதி அளந்தது தூரத்தை. டீன் நிறுவனத்தின் பால் சிகாகோ நகராட்சியின் சோதனைக்கு உட்பட்டது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் தர அளவுகளைத் தழுவிய சிகாகோ விதிப்படி ‘ஏ’ தர முத்திரை பெற்றது. வழக்கு விசாரணை நடந்த நேரத்தில் மேடிசன் வட்டாரப் பால் அந்தத் துறையின் அளவுகோலில் ‘ஏ’ தரத்தை எட்டியிருக்கவில்லை. ‘ஏ’ தரம் என்று ஒட்டிய புட்டி ஒன்றுகூட மேடிசனில் விற்கப்படவில்லை. ஐந்து மைல் வட்டத்துக்குள் ஆலை வைத்திருந்தவை ஐந்து நிறுவனங்கள். அவற்றிலும் மூன்றுதான் ஊரில் பொது வியாபாரம் செய்தன. சுகாதாரத்துக்கென்று போட்ட வேலி யாருக்கு நிழல் தந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1951 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்து மைல் விதியைச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி டாம் கிளார்க், நகராட்சிக்குச் சோதிக்கும் உரிமை இல்லை என்று சொல்லவில்லை. பாகுபாடு காட்டாத வேறு நியாயமான வழி இருக்கும்போது இந்த வழி கூடாது என்றார். வழிகளையும் காட்டினார். ஒன்று, நகராட்சி தன் ஆய்வாளர்களையே தொலைதூர ஆலைக்கு அனுப்பி, நியாயமான செலவை அந்த நிறுவனத்திடம் வசூலிக்கலாம். மற்றொன்று, தன் தர அளவுக்கு இணையாகச் சோதிக்கப்பட்ட பாலை மட்டும் ஏற்கும் பொதுச் சுகாதாரத் துறையின் மாதிரிச் சட்டப் பிரிவைப் பின்பற்றலாம். விஸ்கான்சினின் மற்ற ஊர்ப் பாலும் தடுக்கப்படுகிறதே, பிறகு எப்படி இது வெளிமாநிலத்தார் மீதான பாகுபாடு என்ற வாதத்தை நீதிமன்றம் ஓர் அடிக்குறிப்பிலேயே தள்ளிவிட்டது. என் பார்வையில் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். சொந்த மாநில ஊர்க்காரர்கள் சட்டமன்றத்தில் போய்ச் சண்டை போட முடியும். இல்லினாய்க்காரருக்கு அங்கே வாக்கு கிடையாது. தீர்ப்புக்கு வலுச் சேர்த்திருக்க வேண்டிய வேறுபாடு அது.

மாறுபட்ட மூன்று நீதிபதிகளுக்காக ஹ்யூகோ பிளாக் எழுதியதை எளிதில் தள்ள முடியாது. மேடிசனில் பதப்படுத்திக்கொள்ள டீன் நிறுவனத்தை யாரும் தடுக்கவில்லையே என்று கேட்டார். மாற்று வழிகள் அதே அளவு பாதுகாப்பானவை என்பதற்கு உறுதி என்ன என்றும் கேட்டார். முதல் கேள்வி பலவீனமானது. ஊருக்கு ஊர் இப்படிக் கேட்டால், பத்து ஊரில் விற்கிறவர் பத்து ஆலை கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்வி நியாயமானது. இரண்டு ஆய்வாளர்களை வைத்திருக்கும் நகராட்சி 85 மைல் தள்ளியிருக்கும் ஆலைக்கு ஒருவரை அனுப்பினால், அன்று உள்ளூர்ப் பண்ணைகளைப் பார்க்க ஆள் இருக்காது. பணத்தை வசூலித்துவிடலாம், ஆளின் நேரத்தை வசூலிக்க முடியாது. பெரும்பான்மைத் தீர்ப்பு இந்தச் சிரமத்தைக் கடந்து போய்விட்டது.

தூரம் சொல்லாமல் கட்டணத்தாலும் இதே வேலி போடலாம். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம், ஆர்டர் பிடிக்க வருகிறவர்களிடம் ஆண்டுக்கு 50 டாலரும், 1,000 டாலருக்கு மேற்பட்ட முந்தைய ஆண்டு வருமானத்தில் அரை சதவீதமும் கேட்டது. உள்ளூர்க்காரருக்கும் அதே கட்டணம்தான். ஆண்டு முழுக்கத் தொழில் செய்கிறவருக்கு 50 டாலர் ஒன்றுமில்லை. சில நாள் வந்து போகிறவருக்கு அது முதலிலேயே அடி. 1946-இல் நிப்பர்ட் என்ற வழக்கில் அந்த விதியும் அதே உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

மேடிசன் வழக்கின் உண்மையான தீர்வு நீதிமன்றத்துக்கு வெளியே உருவாகிக்கொண்டிருந்தது. மாநிலங்களுக்கு இடையே போகும் பாலைப் பற்றிப் பேச 1950-இல் செயின்ட் லூயிஸ் நகரில் மாநில அதிகாரிகளும் பால் துறையினரும் கூடினார்கள். ஓரிடத்தில் பொது அளவுகோலின்படி சோதித்ததை மற்ற இடங்களும் ஏற்கும் ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அந்த ஏற்பாடு வரும்வரை மேடிசன் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. ஆய்வாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்து இல்லினாய்க்கு அனுப்பிவிட்டு, அவருடைய சம்பளத்தையும் பயணப்படியையும் டீன் நிறுவனத்தின் கணக்கில் எழுதியிருக்கலாம்.