போர்வையும் ஊசியும்

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்தே எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. மழைக்காலத்து மலைச்சாரலில் மயில் அகவுவது குளிரினால் அல்ல; மேகத்தைக் கண்டு ஆடுகிற பறவை அது. அதன்மேல் போர்வையைப் போட்டால் மிரண்டு ஓடுமே தவிர, போட்டவனை வாழ்த்தாது. தமிழ் வாத்தியாரிடம் கேட்டேன். "வள்ளலின் மனசைப் பாரடா, மயிலைப் பார்க்காதே" என்றார். அடங்கிவிட்டேன். சௌனக் சென் 2022-இல் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்ற படத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியிருக்கிறது.

படத்தில் கதை என்று சொல்ல ஒன்றுமில்லை. டில்லியில் வஜீராபாத் என்ற இடத்தில் நதீம், சவூத் என்று இரண்டு சகோதரர்கள். சோப்புத் திரவம் வைக்கும் பெட்டிகள் செய்து விற்பது பிழைப்பு. அந்தத் தொழிற்கூடத்திலேயே அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் செய்கிறார்கள். டில்லியில் காற்றாடி விடுகிறவர்கள் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலைக் கட்டுகிறார்கள். பறக்கும் வேகத்தில் அது இறக்கையில் பட்டால் தோலும் தசையும் கத்தி பட்டதுபோல் பிளந்துவிடும். தோல் கிழிந்தால் தைத்துவிடலாம்; தசைநாண் அறுந்தால் மறுபடி பறப்பது சந்தேகம்தான். பருந்து புலால் தின்னும் ஜாதி என்பதால் ஒரு பறவை ஆஸ்பத்திரியில் அதை ஏற்க மறுத்தார்களாம். இளவயதில் தேகப்பயிற்சி செய்தபோது தசைகளைப் பற்றித் தெரிந்துகொண்டதை வைத்து இவர்களே தைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இவர்களுக்குப் பருந்தின்மேல் இருப்பது வெறும் இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. அது என்ன தின்னும், எங்கே வலிக்கும், எப்போது விடவேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. இறைச்சி அரைக்கும் இயந்திரம் ரிப்பேரானால் அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிறார்கள். பணம் இல்லை, இடம் போதவில்லை, பெட்டி பெட்டியாகப் பறவைகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2020-இல் டில்லியில் நடந்த கலவரத்தின் பயம் வாசல்வரை வருகிறது. இவ்வளவையும் டைரக்டர் ஒரு பிரசங்கமும் செய்யாமல் காட்டுகிறார். அது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. காமிரா அழகில் மயங்கிவிடுகிறது. குப்பைமேட்டின் எலிகளையும் தண்ணீரில் தெரியும் நிழலையும் காட்டுவதற்குச் செலவழித்த நேரத்தில் பாதியை, ஊசி பிடித்த அந்தக் கைகளுக்குக் கொடுத்திருக்கலாம். தையல் எப்படி விழுகிறது என்று பார்க்க நான் ஆசைப்பட்டேன். எனக்கு அந்த ஆசை வரக் காரணம் இருக்கிறது.

எட்டு வயதில் கொல்லையில் ஒரு மைனாக் குஞ்சைக் கண்டெடுத்தேன். தாய் கைவிட்டுவிட்டது என்று நானே தீர்மானித்து, பஞ்சில் வைத்து, இங்க் பில்லரால் பசும்பால் புகட்டினேன். விடிவதற்குள் செத்துப்போயிற்று. பறக்கப் பழகும் குஞ்சு தரையில் இருப்பது இயல்பு, தாய் பக்கத்திலிருந்தே இரை கொடுக்கும், பால் பறவைக்கு ஆகாது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்று மாலை முழுவதும் மதில்மேல் ஒரு மைனா கத்திக்கொண்டே இருந்தது. என் தயவைப் புகழ்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனசைப் பார் என்ற வாத்தியாரின் தீர்ப்புப்படி நானும் வள்ளல்தான்.

ஆனால் பரணர் ஏமாறக்கூடிய ஆள் இல்லை. புறநானூற்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 141-ஆம் பாட்டில், மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தான் என்கிறார். அதாவது என் பள்ளிக்கூடத்துச் சந்தேகம் அவருக்கும் இருந்திருக்கிறது, அதையே புகழ்ச்சியாக்கிவிட்டார். அதோடு நிற்கவுமில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தவன். அவளுக்காகப் பரிந்து கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். 145-இல் பரணர் மயிலுக்குப் போர்வை தந்தவனே என்றுதான் ஆரம்பிக்கிறார். பசிக்காக வரவில்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே எங்களுக்கு வேண்டிய பரிசு என்று முடிக்கிறார். மயிலுக்கு இரங்கியவனுக்கு மனைவியின் அழுகை கேட்கவில்லையா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே உறைக்கிறது.

பறவைகளுக்கு உதவி செய்கிறவர்களைப் பார்த்து, "மனிதனுக்குச் செய்யக்கூடாதா?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அநேகமாக இரண்டுக்கும் செய்யாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். பரணர் கேட்பது வேறு. கொடுத்ததை அவர் குறைக்கவில்லை; அதையே பிடித்துக்கொண்டு இன்னொரு கதவைத் தட்டுகிறார். அந்தச் சகோதரர்களும் ஊர் எரிகிறபோது பருந்தைத் தைத்துக்கொண்டிருக்கிறோமே என்று கலங்காமல் இல்லை. ஆனாலும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

நமது பாடப்புத்தகங்கள் பேகனைப் போர்வையோடு நிறுத்திவிடுகின்றன. 145-ஆம் பாட்டையும் பக்கத்திலேயே அச்சிட்டால், பையன்கள் வாத்தியாரைக் கேட்க இன்னும் நல்ல கேள்விகள் கிடைக்கும். மைனாக் குஞ்சை எடுக்குமுன் மதிலையும் ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.